அச்சம் அகலுக, காவல் அகலற்க
(மகளிர் அரங்கொன்றில் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



அறிதுயில்வழி அமைதியான வீட்டுப்பேறு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் மருத்துவம் கற்றவளல்லேன், தமிழ் கற்றவள். எனினும் இப்பொருளைத் தமிழாசிரியை ஒருத்தியிடம் ஒப்படைத்ததில் ஒரு பொருத்தம் உண்டு. இம்முறைக்குச் சொல்லே கருவி, மூச்சே மருந்து. எழுத்துப் பிறப்பதே மூச்சினால்தான் என்று நாள்தோறும் வகுப்பறையில் கற்பிப்பவள் நான். ஆகலின், சொல்லும் மூச்சும் ஒரு தாய்க்கு எவ்வாறு துணைநிற்கும் என்று எடுத்துரைக்க ஓரளவு உரிமை எனக்குண்டு எனக் கருதுகிறேன்.

இப்பொருள்பற்றி அண்மையில் இரண்டு வினாக்கள் என்னை வந்தடைந்தன. ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. என்னிடம் தமிழ் பயின்ற பெண்ணொருத்தி ஆங்குக் குடியிருக்கிறாள். இரண்டாம் முறையாகக் கருவுற்றிருக்கிறாள். வீட்டிலேயே ஈன விரும்புவதாகவும், அறிதுயிற் பயிற்சி பெற்றுவருவதாகவும், அப்பயிற்சிக்குரிய சொற்களைத் தமிழிலேயே சொல்லிப் பழக வேண்டுமென்றும் மடல் எழுதினாள். மற்றொன்று நம்மூரிலேயே எழுந்தது. நம் பாட்டிமார் வீட்டில்தானே ஈன்றார்கள், நாமும் மருத்துவமனையை விடுத்து வீட்டிலேயே ஈன்றால் என்ன என்று நம் அன்பர் சிலர் கேட்கின்றனர். இவ்விரு வினாக்களும் ஒன்றுபோல் தோன்றும்; ஒன்றல்ல. அவற்றிடையே உள்ள வேறுபாட்டில் ஒரு தாயின் உயிரும் ஒரு சேயின் உயிரும் அடங்கியுள்ளன. அதனை விளக்குவதே என் நோக்கம்.

இம்முறை வந்த வரலாறு

1843-ஆம் ஆண்டு சேம்சு பிரெய்டு என்னும் மருத்துவர், உள்ளத்தை ஒன்றன்மேல் ஊன்றச் செய்து உடலைத் தளர்த்தும் முறைபற்றி நூலெழுதினார். துயில் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்று அதற்குப் பெயர் அமைத்தார். பின்னர் அவரே அப்பெயர் பொருந்தாது எனக் கண்டார். அந்நிலையில் இருப்பவர் உறங்குவதில்லை; அறிவோடிருக்கிறார், கேட்கிறார், விடையிறுக்கிறார். நம் மொழியில் அறிதுயில் என்றொரு சொல் முன்னரே உண்டு. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் நிலையைக் குறிக்க வழங்கிய சொல் அது. அறிந்துகொண்டே துயிலுதல் என்று அச்சொல்லே விளக்கமும் தந்துவிடுகிறது. பிரெய்டு தேடிய பொருள் அதில் அமைந்துள்ளது. ஆகலின் இம்முறையை அறிதுயிற்பேறு என்றே நாம் வழங்கலாம்.

1845-இல் நம் நாட்டின் வங்கத்தில், ஊக்ளி நகரில், சேம்சு எசுடெயில் என்னும் மருத்துவர் இதற்கு இனமான துயில்கூட்டு முறையால் நோயாளிகளின் நோவைத் தணித்து அறுவை செய்தார். மயக்க மருந்து பரவுவதற்கு முற்பட்ட காலம் அது. இரண்டே ஆண்டுகளில், 1847-இல், எடின்பரோ நகரில் சேம்சு சிம்சன் என்னும் மருத்துவர் மகப்பேற்றில் முதலில் ஈதரையும் அடுத்துக் குளோரோபார்மையும் பயன்படுத்தினார். 1853-இல் விக்டோரியா அரசியார் தம் எட்டாம் மகப்பேற்றின்போது குளோரோபார்மை ஏற்றுக்கொண்டார். மயக்க மருந்து பரவியது. பலர்க்கு அது பெரும் நன்மையே. ஆயினும் நாளடைவில் வேண்டுவார்க்கும் வேண்டாதார்க்கும் வேறுபாடின்றி மயக்கமூட்டும் வழக்கம் ஏற்பட்டது. தான் ஈன்ற குழந்தையின் முதல் அழுகுரலைக் கேளாத தாய்மாரும் இருந்தனர்.

இவ்வழக்கத்தை எதிர்த்து வினா எழுப்பியவர் கிராண்ட்லி டிக்-இரீடு (1890–1959) என்னும் ஆங்கில மருத்துவர். இளமையில் அவர் இலண்டனின் ஏழை மக்கள் வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியில் ஒரு மகப்பேற்றுக்குச் சென்றார். ஒழுகும் குடில், மெழுகுத்திரி வெளிச்சம். மயக்க மருந்தைத் தர முற்பட்டபோது அப்பெண் வேண்டாவென மறுத்துவிட்டாள், அமைதியாகவே ஈன்றாள். ஏன் மறுத்தாய் என்று பின்னர் அவர் கேட்க, தனக்கு நோவு இல்லை என்றும், நோக வேண்டும் என்பது கட்டாயமா என்றும் அவள் திருப்பிக் கேட்டாளாம். அவ்வினா அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. 1933-இலும் 1942-இலும் அவர் இயற்கைப் பேறுபற்றி நூல்கள் வெளியிட்டார். இரண்டாம் நூல் 1944-இல் அமெரிக்காவில் அச்சமற்ற மகப்பேறு என்னும் பொருள்படும் தலைப்போடு வெளிவந்து புகழ்பெற்றது.

பிரான்சு நாட்டு மருத்துவர் பெர்னாண்டு இலமாசு 1951-இல் சோவியத்து நாட்டுக்குச் சென்று, ஆங்கு உள்ளப் பயிற்சியாலும் மூச்சுப் பயிற்சியாலும் நோவைத் தணிக்கும் முறையைக் கண்டு, பாரிசு நகரில் அதனைப் பரப்பினார். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் மேரி மாங்கன் என்னும் அம்மையார், டிக்-இரீடின் கொள்கையையும் அறிதுயிற் கலையையும் இணைத்து முறையான பயிற்சியாக வகுத்தார். இன்று அறிதுயிற்பேறு என வழங்குவது பெரும்பாலும் இவ்வழியில் வந்ததே.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். டிக்-இரீடின் கொள்கை முழுவதும் ஏற்கத்தக்கதன்று. நாகரிகம் எட்டாத மக்களென அவர் கருதியோரின் பெண்டிர் எளிதாக ஈனுவர். நாகரிகமே நோவைத் தந்தது என்று அவர் நம்பினார். ஆளும் நாட்டார் ஆளப்பட்ட நாட்டாரை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. உழைக்கும் பெண்ணுக்கும் நோவு உண்டு, சாவும் உண்டு. அவள் நோவைக் கேட்பார் இல்லை. அவள் சாவை எண்ணுவார் இல்லை. அவ்வளவே! நம் பாட்டிமார் நோவின்றி ஈன்றார்கள் என்று நாமே இன்று பெருமை பேசினால், அம்மருத்துவரின் பிழையை நாம் நம் வாயால் மீண்டும் சொன்னவராவோம்.

அச்சமும் உடலும்

பிழையை நீக்கிப் பார்த்தால் அவர் கண்டதில் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. அச்சம் உடலை இறுக்குகிறது. இறுக்கம் நோவை மிகுக்கிறது. மிக்க நோவு அச்சத்தை மேலும் வளர்க்கிறது. செக்குமாடுபோல் இவை மூன்றும் சுற்றிச் சுற்றி வருகின்றன. அச்சத்தைத் தணித்தால் சுற்று அறும் என்பது அவர் கொள்கை.

பூனையைப் பாருங்கள். ஈனும் நாள் நெருங்கியதும் இருண்ட மூலையைத் தேடும். ஆள் நடமாட்டம் மிகுந்தால் இடம் மாறும். கருப்பையைச் சுருங்கி விரியச் செய்வது ஆக்சிடோசின் என்னும் சுரப்பு. அமைதியும் மங்கிய ஒளியும் பழகிய முகங்களும் சூழ்ந்த இடத்தில் அது தடையின்றிச் சுரக்கும். அச்சம் வந்தால் அட்ரினலின் என்னும் மற்றொரு சுரப்பு மேலோங்கும். ஓடு, அல்லது எதிர்த்து நில் என உடலுக்கு ஆணையிடுவது அது. குருதியைக் கைகால்களுக்குத் திருப்பும். கருப்பையின் பணியைத் தளர்த்தும். கருப்பை வாயின் தசை அச்சத்தால் இறுகி வழியடைக்கிறது என்று டிக்-இரீடு விளக்கினார். கருப்பை வாய் பெரிதும் இணைப்புத் திசுவால் ஆனதாகலின், அவ்விளக்கம் அப்படியே நிற்பதன்று. எனினும் அச்சம் மகப்பேற்றை நீட்டிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. நார்வே நாட்டில் 2206 பெண்டிரை ஆய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, மகப்பேற்றச்சம் மிக்கார்க்கு, பிற கரணியங்களைக் கழித்துப் பார்த்த பின்னரும், பேற்று நேரம் ஏறத்தாழ 47 மணித்துளி மிகுந்திருந்தது.

சொல்லின் ஆற்றல்

அச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சொல்லிலிருந்து வருகிறது. கருவுற்ற பெண்ணைச் சூழ்ந்துகொண்டு, அவள் செத்துப் பிழைத்தாள், இவள் மூன்று நாள் துடித்தாள் என்று நாம் பேசும் பேச்சு அவள் உள்ளத்தில் ஆணியாக இறங்குகிறது. அறிதுயில் ஆசிரியர்கள் முதலில் மாற்றுவது இதனையே. கருப்பைச் சுருக்கம் என்னும் சொல்லை விடுத்து, அலை என்கிறார்கள். அலை எழும், உச்சியை எட்டும், தணியும், இடையில் ஓய்வு தரும். அடுத்த அலையை நினைந்து அஞ்சாமல் இந்த அலையை மட்டும் கடப்பாயாக என்று கற்பிக்கிறார்கள்.

இதற்கு நம் மொழியில் கிடைக்கும் துணையைச் சொல்கிறேன். இடுப்புவலி என்கிறோம். வலி என்றால் என்ன? திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரம் வலியறிதல்; ஆங்கு வலி என்பது வலிமை. துன்பத்துக்கு நோ, நோவு எனத் தனிச்சொற்கள் உண்டு. ஆகவே வலி வந்துவிட்டது என்று கேட்கும் பெண், வலிமை வந்துவிட்டது என்று தன்னுள் பொருள்கொள்ளலாம். மற்றொரு சொல் உயிர்த்தல். மூச்சுவிடுதலுக்கும் உயிர்த்தல் என்று பெயர். ஈனுதலுக்கும் உயிர்த்தல் என்று பெயர். கருவுயிர்த்தல் என்னும் வழக்கை நூல்களில் காண்பீர்கள். மூச்சை விடுவதும் மகவை ஈனுவதும் ஒரு சொல்லில் அடங்கி நிற்கின்றன. மூச்சை நெடிதாக விட்டுக்கொண்டே குழந்தையைக் கீழிறக்கு என்று கற்பிக்கும் அறிதுயில் ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? ஈன்ற அணிமையைக் குறிக்கப் புனிறு என்னும் தனிச்சொல்லைத் தொல்காப்பிய உரியியல் காட்டுகிறது. ஈன்றவளின் நிலைக்குத் தனிப்பெயர் சூட்டிப் போற்றிய மொழி நம்முடையது. என் மாணவிக்கு இச்சொற்களையே எழுதியனுப்பினேன்.

சொல்லை மாற்றினால் நோவு மறைந்துவிடும் என்று நான் கூறவில்லை. சொல் நோவை அழிக்காது. நோவின்மேல் நாம் ஏற்றிவைக்கும் அச்சத்தை இறக்கும். பாதிச் சுமை இறங்கினாலும் நடை எளிதாகுமன்றோ!

பயிற்சி முறை

இனிப் பயிற்சிக்கு வருவோம். இதில் மறைபொருள் ஏதுமில்லை. ஏழாம் திங்கள் வாக்கில் தொடங்கி நாள்தோறும் பதினைந்து, இருபது மணித்துளி பழகுதல் போதும். விட்டுவிட்டுப் பழகினால் வேண்டியபோது கைகொடாது.

முதலாவது மூச்சு. மூக்கின்வழி நான்கு எண்ணும் வரை மெல்ல இழுத்து, ஏழோ எட்டோ எண்ணும் வரை நெடிதாக விடுதல். இழுப்பதினும் விடுவது நீண்டிருக்க வேண்டும். நெடிய மூச்சுவிடுகை நெஞ்சத் துடிப்பைத் தணித்து உடலை அமைதி நிலைக்குத் திருப்பும். விரைந்து விரைந்து மூச்சிழுத்தால் தலைசுற்றலே மிஞ்சும்.

இரண்டாவது தளர்ச்சி. இடப்பக்கம் சாய்ந்து படுத்தோ, தலையணையில் சாய்ந்து அமர்ந்தோ, நெற்றி, தாடை, தோள், கை, வயிறு, தொடை, பாதம் என ஒவ்வோர் உறுப்பாக நினைந்து தளர்த்துதல். தாடையை மறவாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவளின் உடல் முழுவதுமே இறுகியிருக்கும்.

மூன்றாவது உள்ளக்காட்சி. நீ விரும்பும் ஓரிடத்தை நினைத்துக்கொள். ஆற்றங்கரையோ, தாய்வீட்டுத் திண்ணையோ, எதுவாயினும் ஆகுக. அதன் ஒலி, மணம், தட்பம் எல்லாவற்றையும் நினைவில் நிறுத்துக. பத்திலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணி அவ்விடத்துக்குள் இறங்குக. நாள்தோறும் சென்ற வழியாகலின், அலை எழும் நேரத்தில் உள்ளம் தானே அவ்வழி செல்லும். குளிர்ந்த நீரில் கையை வைத்திருப்பதாக நினைந்து, கை மரத்ததாக உணர்ந்து, அக்கையை வயிற்றின்மேல் வைத்து அம்மரப்பை ஆங்குப் பரப்புவதாகக் கருதும் பயிற்சியும் உண்டு.

நான்காவது சொற்றொடர்கள். என் உடல் தன் பணியை அறியும்; இந்த அலை தணியும்; என் மகவும் நானும் ஒன்றாக உழைக்கின்றோம் என்பன போன்ற சிறு தொடர்களைத் தாய்மொழியில் அமைத்து, தன் குரலிலோ கணவன் குரலிலோ பதிந்து, நாள்தோறும் கேட்டல். எந்நிலை வரினும் அமைதியாக ஏற்பேன் என்னும் தொடரும் அவற்றுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். அஃது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஐந்தாவது துணை. கணவனோ, தாயோ, உடன்பிறந்தாளோ ஒருவர் உடனிருந்து பயிற்சியில் பங்குகொள்ள வேண்டும். முதுகை மெல்ல வருடுதல், மூச்சை உடன் எண்ணுதல், நீர் அருந்தக் கொடுத்தல், விளக்கைத் தாழ்த்துதல், கூச்சலிடுவாரை வெளியே நிறுத்துதல் ஆகியன அவர் பணி. முக்கு, முக்கு என்று நால்வர் சூழ நின்று கத்துவதைக் காட்டிலும், நெடிய மூச்சோடு உடல் தானே உந்தும்போது உடன் உந்துதல் இம்முறையின் வழி. உள்ளநோய்க்கு மருத்துவம் பெறுவோர் மட்டும், தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே அறிதுயிற் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

ஆய்வு கூறுவது

இவ்வளவும் செய்தால் பயன் உண்டா? விருப்பத்தை விடுத்துச் சான்றைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், முதன்முறை கருவுற்ற 680 பெண்டிரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஒரு பகுதியார்க்கு இருமுறை வகுப்பு நடத்தி, நாள்தோறும் கேட்க ஒலிப்பதிவும் தந்தனர். முதுகுத்தண்டில் செலுத்தும் மரப்பூசியை நாடியோர், பயிற்சி பெற்றாருள் 27.9 விழுக்காடு, பெறாதாருள் 30.3 விழுக்காடு. இவ்வேறுபாடு உறுதியான பயன் எனக் கொள்ளத்தக்க அளவினதன்று. ஆனால், ஈன்று இருகிழமை கழித்து வினவியபோது, பயிற்சி பெற்றோர் தாம் எதிர்பார்த்ததைவிட அச்சமும் கவலையும் குறைந்திருந்தன என்றனர். 2016-இல், 2954 பெண்டிரைக் கொண்ட ஒன்பது ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய தொகுப்பும், நோவு மருந்தின் தேவை ஓரளவு குறையலாம். மரப்பூசியின் தேவை குறைவதாகத் தெரியவில்லை என்றே முடிவுகூறியது.

உடனிருக்கும் துணைக்கோ இதனினும் வலிய சான்று உண்டு. 17 நாடுகளில் 15,858 பெண்டிரைக் கொண்ட 26 ஆய்வுகளின் தொகுப்பு 2017-இல் வெளிவந்தது. இடைவிடாத துணை பெற்றோர்க்கு இயல்பான பேறு மிகுதி. அறுவை குறைவு என்று அது காட்டியது. அறிதுயில் அச்சத்தைத் தணிக்கும். துணை அதனை நிலைநிறுத்தும். இவ்விரண்டனுள் எதுவும், குருதிப்போக்கை நிறுத்தும் என்று எவ்வாய்வும் சொல்லவில்லை.

வீடு என்னும் களம்

இனி, வீட்டுப்பேறு. இங்கிலாந்தில் வீட்டில் ஈனுவோர் நூற்றுவரில் ஏறத்தாழ இருவரே. அவ்விருவரும் தனித்து விடப்பட்டவர் அல்லர். அரசு நலவாழ்வுத் துறையின் பயிற்சிபெற்ற மருத்துவச்சியர் வீடு தேடி வருவர். குழந்தை பிறக்கும் நேரத்தில் இருவர் இருப்பது வழக்கம். குருதிப்போக்கைத் தடுக்கும் ஊசிமருந்தும், மூச்சுவிடாக் குழந்தைக்கு மூச்சூட்டும் கருவியும் அவர்தம் பையில் இருக்கும். இடர் வந்தால் மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் ஊர்தியும் முன்னரே வகுத்திருப்பர். கருவில் ஒரு குழந்தை மட்டும், தலை கீழ்நோக்கி, திங்கள் நிரம்பியிருக்க வேண்டும். மிகை குருதியழுத்தம், நீரிழிவு, முன்னர் வயிறு கிழித்து எடுத்தமை முதலியன இருந்தால் வீட்டுப்பேறு தக்கதன்று என அறிவுறுத்துவர்.

இத்துணைக் காவலோடும் நடப்பது என்ன? இங்கிலாந்தில் இடர் குறைந்த 64,538 பெண்டிரின் பேறுகளை ஆய்ந்து 2011-இல் முடிவு வெளியிட்டனர். முன்னரே ஈன்றவர்க்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் குழந்தையின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதன்முறை ஈனுவோர்க்கோ, இறப்பு, மூளைக்கேடு முதலிய கடுங்கேடுகள் ஆயிரத்துக்கு 5.3 என மருத்துவமனையில் இருக்க, வீட்டில் 9.3 என மிகுந்திருந்தன. வீட்டில் தொடங்கிய முதற்பேற்றாருள் நூற்றுவரில் 45 பேர் இடையிலோ ஈன்ற உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். மறுபேற்றாருள் மாற்றப்பட்டோர் 12 பேர். எந்நிலை வரினும் அமைதியாக ஏற்பேன் என்னும் தொடர் பயிற்சியில் இருக்க வேண்டும் என்றேனே, இதற்காகத்தான். மருத்துவச்சி புறப்படுக என்றால், வாதாடாமல் அதே மூச்சோடு ஊர்தியில் ஏறுபவளே உண்மையில் பயிற்சி பெற்றவள்.

ஆகவே என் மாணவிக்கு எழுதினேன்: மகளே, இது நினக்கு இரண்டாம் பேறு, முதற்பேறு இடரின்றி நிகழ்ந்தது, மருத்துவச்சியர் இசைந்துள்ளனர், ஆகலின் நின் விருப்பம் தக்கதே. அறையை வெதுவெதுப்பாக்கு; விளக்கைத் தாழ்த்து; நீர்புகா விரிப்பும் தூய துண்டுகளும் எடுத்துவை. வீட்டுக்குரிய இப்பொருள்களோடு, மருத்துவமனைக்குரிய பையையும் வாயிலருகே கட்டிவை.

நம் நாட்டு நிலை

இப்போது இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். பாட்டிமார்போல் நாமும் வீட்டில் ஈன்றால் என்ன?

2018-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திருப்பூரில் நிகழ்ந்ததை அறிவீர்கள். ஓர் இளந்தாய், பயிற்சிபெற்ற எவரும் அருகில் இன்றி, இணையக் காணொளிகளை நம்பிய சுற்றத்தின் துணையோடு வீட்டில் ஈன்றார். குழந்தை பிழைத்தது. தாய் குருதிப்போக்கால் உயிர்நீத்தார். அவருக்குத் துணிவு இல்லாமற் போகவில்லை. நம்பிக்கை இல்லாமற் போகவில்லை. இல்லாமற் போனவை ஓர் ஊசிமருந்தும், அதனைச் செலுத்தத் தெரிந்த ஒரு கையும்.

ஈன்ற பின்னர்க் கருப்பை இறுகாவிட்டால், நஞ்சுக்கொடியின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிட்டால், குருதி நில்லாது பெருகும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நலமுடைய பெண்ணுக்கும், முன்னறிகுறி ஏதுமின்றி, இது நேரலாம். அறிதுயில் அதனைத் தடுக்காது, நல்லெண்ணம் தடுக்காது, பழம்பெருமை தடுக்காது. தமிழ்நாட்டில் ஓரிலக்கம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தனர் என்பது 2001–03-ஆம் ஆண்டுக் கணக்கு. 2018–20-இல் அவ்வெண் 54. இவ்விறக்கத்தில் மருத்துவமனைக்கும் சிற்றூர்ச் செவிலிக்கும் பெரும்பங்கு உண்டு. மடியாமல் மீண்ட தாய்மார் பேரணியாக வருவதில்லை. அதனால் அவர்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீட்டை நாடுவோரின் மனக்குறையையும் நான் புறந்தள்ளவில்லை. 2019–21-இல் எடுத்த நாட்டுக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. அறுவையால் நிகழ்ந்தவை 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. இவ்வளவு அறுவையும் தேவைதானா என்று கேட்பது குற்றமன்று. கேட்க வேண்டிய வினாவே. ஈனும் பெண்ணை அதட்டுதல், தனியே கிடத்துதல், என்ன செய்கிறோம் எனச் சொல்லாதே செய்தல் ஆகியவற்றுக்கு அஞ்சித்தான் பலர் வீட்டை நினைக்கின்றனர். ஆனால் அதற்கு மருந்து, மருத்துவமனையைத் துறப்பதா? வீட்டின் அமைதியை மருத்துவமனைக்குள் கொண்டுசெல்வதே மருந்து.

அதற்கு வழியும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது பெண்ணொருத்தி துணையிருக்க 2016-இலேயே இந்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளது. அவ்வுரிமையை முன்னரே கேட்டு உறுதிசெய்யுங்கள். துணையாக வருபவள் கண்ணீர் வடிப்பவளாக இல்லாமல், மூச்சை எண்ணத் தெரிந்தவளாக இருக்கட்டும். அறுவை வேண்டுமென்று சொன்னால் ஏன் என்று அமைதியாகக் கேளுங்கள். கரணியம் தக்கதாயின் தயங்காதீர்கள். அறிதுயிற் பயிற்சிக்குத் தனி இடம் வேண்டுவதில்லை. மங்கிய வீட்டு விளக்கின்கீழும் அதே மூச்சுத்தான். மருத்துவமனையின் வெள்ளை விளக்கின்கீழும் அதே மூச்சுத்தான். அறுவை மேசையின்மேல் கிடப்பவளுக்கும் அம்மூச்சு துணைநிற்கும்.

இன்னும் ஒரு சொல். நோவு தாங்காது மருந்து கேட்டவளும், அறுவையால் ஈன்றவளும் தோற்றவர் அல்லர். அமைதியாக ஈனுதல் ஒரு பட்டமன்று. அது வாயாதவளை எவரும் தாழ்த்திப் பேசவேண்டா. அவ்வாறு பேசினால், அச்சத்தைப் போக்க வந்த முறையே புதியதோர் அச்சத்தை விதைத்ததாகும்.

இங்குள்ள இளையோர்க்கு நான் வேண்டுவது இது. கருவுற்ற பெண்ணிடம் அச்சுறுத்தும் பேச்சு இன்றோடு நிற்கட்டும். நெடிய மூச்சை அவளோடு அமர்ந்து நாள்தோறும் எண்ணுங்கள். குருதி, குருதியழுத்தம், குழந்தையின் நிலை ஆகியவற்றை உரிய காலத்தில் ஆய்ந்தறியச் செய்யுங்கள். நூற்றெட்டு ஊர்தியின் எண் வீட்டில் அனைவர்க்கும் தெரிந்திருக்கட்டும். அச்சம் வேறு, விழிப்பு வேறு. அச்சம் அறிவை மறைக்கும். விழிப்பு அறிவின் கண். முன்னதைப் போக்குவதாக எண்ணிப் பின்னதையும் போக்கிவிடாதீர்கள். பேறு என்பது பெறுதல். தாயும் சேயும் ஒருவரையொருவர் உயிரோடு பெறுவதே பேறு.